பத்து வயது லாப்ரடாரைத் தத்தெடுக்கலாமா? கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் நிலைமையைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: சென்னையில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீடு. எழுபது வயது அம்மா, ஏழு வயது மகன். காப்பக வாசலில் யாரோ கட்டிப்போட்டுவிட்டுப் போன பெண் லாப்ரடார், எடை 30 கிலோ, வயது "ஒன்பது பத்து இருக்கும்" என்கிறார்கள். கண்ணில் நீலம் படர்ந்திருக்கிறது, பின்னங்கால் லேசாக இழுக்கிறது, அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. இந்த வயதில் புது வீட்டோடு ஒட்டுமா, இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்தால் உண்மையில் கேட்பது வேறு: எடுத்து வந்த மறுவாரமே ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருக்குமா, அதைத் தாங்க முடியுமா என்பதுதான். இதற்குப் பாதிக்கு மேல் பதிலை நாய் உங்கள் வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும். குட்டி நாயில் அந்த வசதி கிடையாது. அதன் இடுப்பு எப்படி வளரும், குணம் எப்படி அமையும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயதான நாயில் வர வேண்டியவற்றில் பல வந்துவிட்டன, தேடினால் தெரியும்.

ஒட்டுமா என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒட்டும். மனிதர்களோடு வாழ்ந்து பழகிய நாய், சாப்பாடும் நேரமும் ஒழுங்காக அமைந்தால் சில வாரங்களிலேயே வீட்டாளாகிவிடும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தணிய மூன்று நாள், வழக்கம் பிடிபட மூன்று வாரம், முழுதாக நம்ப மூன்று மாதம். அது அனுபவக் கணக்குத்தானே தவிர ஆராய்ச்சி முடிவு இல்லை. ஆனாலும் முதல் வாரத்தில் நாய் சோர்ந்து படுத்திருப்பதைப் பார்த்து மனம் தளராமல் இருக்க உதவும்.

வயதைப் பற்றிக் காப்பகம் சொல்வதை உத்தேசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குட்டியாக இருக்கும்போது பல் முளைப்பதை வைத்து மாதக் கணக்கில் சொல்லலாம். ஐந்தாறு வயதைத் தாண்டிய நாயில் பல் தரும் தகவல் மிகக் குறைவு. காறை படிந்திருப்பது வயதைவிட உணவையும் பராமரிப்பையும் பொறுத்தது. முகம் நரைப்பதும் அப்படித்தான், சில லாப்ரடார்களுக்கு ஐந்து வயதிலேயே நரைத்துவிடும். கண்ணில் தெரியும் நீலம் கொஞ்சம் நம்பகமான அடையாளம். கண் வில்லை வயதாக ஆக இறுகிப் போவதால், ஏழு வயதுக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்கு இந்த மங்கல் நீலம் தெரியத் தொடங்கும். அதனால் பார்வை பெரிதாகப் போவதில்லை. கண்புரை வேறு; அது பால் போல வெள்ளையாக, ஒளி ஊடுருவாமல் இருக்கும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பஞ்சு உருண்டையை நாயின் முகத்துக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் மேலிருந்து விடுங்கள். பஞ்சு விழும்போது சத்தம் வராது, வாசனையும் இருக்காது. கண்ணோ தலையோ அதைத் தொடர்ந்து இறங்கினால் பார்வை இருக்கிறது. உண்மையிலேயே வெள்ளையாக இருந்தால் ரத்தச் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். நாய்களுக்குச் சர்க்கரை நோயில் கண்புரை வேகமாக வரும்.

பின்னங்காலில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவு அதைப் பொறுத்தது. காப்பகத்தில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து அதைப் பாருங்கள். படுத்த நாய் எழும்போது முன்னங்காலை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு எழுகிறதா, எழுந்த முதல் பத்து அடி விறைப்பாக நடந்து பிறகு சரியாகிறதா என்று கவனியுங்கள். விறைப்பு நடக்க நடக்கக் குறைந்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். லாப்ரடாருக்கு இடுப்பிலும் முழங்காலிலும் சகஜம், எடை குறைத்து மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். உட்காரும்போது ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டி வைத்துக்கொண்டால் முழங்கால் தசைநார் கிழிந்திருக்கலாம். அடுத்து, பின்னங்கால் நகங்களைத் தூக்கிப் பாருங்கள். நடு இரண்டு நகங்களின் மேல்புறம் உரசித் தட்டையாகி இருந்தால், நாய் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கிறது என்று அர்த்தம். அது மூட்டு வலியைவிட நரம்புக் கோளாறைக் காட்டும் அடையாளம். நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பின் பாதத்தை மெல்ல மடித்து மேல்புறம் தரையில் படும்படி வைத்தால், நல்ல நரம்புள்ள நாய் உடனே திருப்பி வைத்துவிடும். அப்படியே விட்டு நின்றால் முதுகுத் தண்டைப் பார்க்க வேண்டும். இடுப்பைத் தொடும்போது உறுமினால் இந்தச் சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், மருத்துவரிடம் விடுங்கள். எலும்பில் ஓரிடத்தில் மட்டும் புடைப்பும் தொட்டால் வலியும் இருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் எந்த முடிவும் வேண்டாம், எலும்புப் புற்றுநோய் பெரிய நாய்களில் அப்படித்தான் தொடங்கும். கால் இழுப்பதற்குக் காரணம் இவற்றில் எது என்று எழுத்தில் படித்து யாராலும் சொல்ல முடியாது. இடுப்பு, முழங்கால் இரண்டுக்கும் எக்ஸ்ரே வேண்டும்.

இப்போது உங்கள் மாடிப்படி. வயதான நாய்க்கு நாளைக்கு நான்கு முறையாவது வெளியே போக வேண்டும். நான்கு முறை இரண்டு மாடி இறங்கி ஏறுவது என்பது மூட்டு தேய்ந்த நாய்க்குத் தினசரித் தண்டனை. இறங்கும்போது முன்னங்காலில் எடை விழும், ஏறும்போது பின்னங்காலில் விழும். இடுப்புக்குக் கீழ் தாங்கும் பட்டையோ, நான்காக மடித்த குளியல் துண்டோ பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்துத் தூக்கி நடத்தலாம், ஆனால் அதைச் செய்ய வலுவுள்ள ஒருவர் பகல் முழுக்க வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவால் அது முடியாது, முயலவும் கூடாது. பால்கனியில் செயற்கைப் புல் தட்டு வைத்துப் பழக்கலாம் என்பார்கள். வெளியே போயே பழகிய நாய் பல நேரம் அதில் போகாமல் அடக்கிக்கொண்டு கிடக்கும். ஆகவே என் கருத்து நேரடியாக: எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பும் மோசம், அல்லது நரம்புக் கோளாறு என்று வந்தால், இந்த நாயை இந்த வீட்டுக்கு எடுக்காதீர்கள். அதே காப்பகத்தில் பத்து கிலோவுக்குள் உள்ள ஒரு வயதான நாயைக் கேளுங்கள். தூக்கிக்கொண்டு இறங்கலாம். ஸ்பிட்ஸ் போன்ற சிறிய ஜாதியானால் இதயத்தையும் பற்களையும் கூடுதலாகப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு சுமாராக, லேசான தேய்மானம் மட்டும் என்றால் எடையைக் குறைத்துக்கொண்டு சமாளிக்கலாம்.

வயிற்றுக் கட்டிக்கு வருகிறேன். லாப்ரடாரில் தோலுக்கடியில் வரும் மெத்தென்ற கட்டிகளில் பெரும்பாலானவை கொழுப்புக் கட்டிகள், ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் கொழுப்பு என்று முடிவு கட்டக் கூடாது. தோல் புற்றுக் கட்டியும் சில சமயம் அப்படியே மெத்தென்று இருக்கும். மெல்லிய ஊசியால் குத்தி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது ஐந்து நிமிட வேலை, மயக்க மருந்து தேவையில்லை. பெண் நாயின் அடிவயிற்றில் மார்க்காம்பு வரிசையில் இருந்தால் கதை வேறு. மார்புக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றாக இருக்கும். அறுவைக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலுக்குப் பரவவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். கருத்தடை ஆகியிருக்கிறதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தழும்பு தெரியாவிட்டால் வயிற்று ஸ்கேனில் கருப்பை இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கருத்தடை ஆகாத வயதான பெண் நாய்க்கு ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஓரிரு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. திடீரென்று நிறையத் தண்ணீர் குடிப்பது, வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, பின்னால் சீழ் ஒழுகுவது (சில சமயம் ஒழுகாது, அதுதான் இன்னும் ஆபத்து) என்று வந்தால் அன்றே அறுவை சிகிச்சை, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மற்ற சோதனைகள் சரியாக இருந்தால் கட்டியையும் கருப்பையையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடுவது நல்லது. "வயசாயிடுச்சு, மயக்கம் தாங்காது" என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். வயது மட்டும் தடை இல்லை. சிறுநீரகம், கல்லீரல், இதயம் எப்படி இருக்கிறது என்பதுதான் தடையைத் தீர்மானிக்கும்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய சோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, தட்டணுக்களும் சேர்த்து, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், யூரியா, கல்லீரல் என்சைம்கள், சர்க்கரை, அல்புமின், காலையில் முதலில் போகும் சிறுநீர், ரத்தப் பூச்சு (ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்குமான கிட் சோதனை, இடுப்பு, முழங்கால், நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் வயிற்று ஸ்கேன். இதில் சிறுநீரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கிரியாட்டினின் உயரும் நேரத்தில் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு வேலை போயிருக்கும். சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கும். நாயின் காலைச் சிறுநீர் அடர்த்தி 1.030க்கு மேல் இருந்தால் நிம்மதி. குறைவாக இருந்தால் ஒரு முறை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம், வேறொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். காப்பகத்தால் எல்லாவற்றுக்கும் செலவு செய்ய முடியாது, நீங்கள் கட்டுவதாகச் சொல்லுங்கள். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் போதனை மருத்துவமனையில் இவற்றில் பெரும்பாலானவை ஒரே வளாகத்தில் நடக்கும். கூட்டம் அதிகம், காலையிலேயே போக வேண்டும்.

உண்ணிக் காய்ச்சல் கிட்டில் பாசிட்டிவ் வந்தால் குழம்பாதீர்கள். அந்தக் கிட் காட்டுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளை. எப்போதோ வந்து போன நோய்க்கும் அது மாதக் கணக்கில் பாசிட்டிவ் காட்டும். தட்டணு குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், மூக்கில் ரத்தம் இவற்றில் ஏதாவது கூடவே இருந்தால்தான் இப்போது நோய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கான ஆன்டிபயாட்டிக் டாக்ஸிசைக்ளின் என்றால் வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சாப்பாட்டோடு கொடுங்கள். பத்தாம் நாளே நாய் துள்ளிக் குதிக்கும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். உண்ணிக்கு அமிட்ராஸ் கரைசலில் குளிப்பாட்டும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும், பலவீனமான நாய்க்கும் சர்க்கரை நாய்க்கும் ஆபத்து. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ தரும் மாத்திரைகள் இப்போது எளிது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய்க்கு மட்டும் டாக்டரைக் கேட்காமல் அவற்றைத் தரக் கூடாது. தடுப்பூசிக்கு வயது வரம்பு கிடையாது. பழைய சான்று இல்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு ரேபிஸ் ஊசி உடனே, மற்ற கூட்டு ஊசி மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை, குடற்புழு மருந்து எடைக்கு ஏற்ப.

வலி மருந்து விஷயத்தில் கண்டிப்பாக ஒன்று. மருந்துப் பெட்டியில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபினாக் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். குடலில் புண், சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் சேதம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மெலாக்சிகாம் நாய்க்கும் உண்டு, ஆனால் தொடர் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்தான், உங்கள் நாய்க்கு 3 மில்லிகிராம். மனிதர்களுக்கான 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஐந்து மடங்கு. சிறுநீரகம் பார்க்காமல் தொடங்கவும் கூடாது, ஸ்டீராய்டோடு சேர்த்துத் தரவும் கூடாது. மூட்டுக்கு விற்கும் குளுக்கோசமைன் பொடிகளால் பெரிய பலன் இருப்பதாக உறுதியான சான்று இல்லை. மீன் எண்ணெய்க்குக் கொஞ்சம் சான்று இருக்கிறது. இரண்டையும்விடப் பலமான சிகிச்சை எடை குறைப்பது.

இந்த உயரத்துக்கு 25 கிலோதான் சரியான எடை என்று டாக்டர் சொன்னால், சாப்பாட்டை 30 கிலோவுக்கு அல்ல, 25க்குக் கணக்கிட வேண்டும்: நாளைக்குச் சுமார் 800 கிலோ கலோரி. பாக்கெட் தீவனம் என்றால் ஏறக்குறைய 230 கிராம். வீட்டுச் சாப்பாடு என்றால் வேகவைத்த தோலில்லாக் கோழி 250 கிராம், சோறு 200 கிராம், ஒரு முட்டை, பூசணி அல்லது சுரைக்காய் 100 கிராம். எல்லாம் வெந்த பிறகு நிறுத்த எடை, இரண்டு வேளையாகப் பிரித்து. எலும்பில்லாத இறைச்சியில் கால்சியம் போதாது, அதை எவ்வளவு சேர்ப்பது என்று டாக்டர் சொல்வார். வேகவைத்த எலும்பு வேண்டாம், உடைந்து குத்தும். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை கூடாது; பாயசக் கிண்ணத்தை அம்மா பாசத்தில் நீட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயதானதற்குத் தயிர்ச்சோறு போதும் என்று நினைப்பது தவறு, தசை கரையாமல் இருக்க வயதில் புரதம் கூடுதலாகவே வேண்டும். சிறுநீரக நோய் உறுதியானால் மட்டும் கணக்கு மாறும். முதல் ஒரு வாரம் காப்பகத்தில் தின்றதையே கொடுத்து, பிறகு சிறிது சிறிதாக மாற்றுங்கள். வாரம் 300 கிராம் குறைந்தால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை. வழவழப்பான டைல்ஸ் தரைதான் முதல் எதிரி. கால் விரிந்து விழும் நாய் அடுத்த முறை எழவே பயப்படும். அது நடக்கும் பாதையில் ரப்பர் அடிப்பாய் உள்ள விரிப்பு போடுங்கள், சாக்கு போட்டால் சாக்கே வழுக்கும். பாத இடுக்கு முடியையும் நகத்தையும் வெட்டி வையுங்கள். முழங்கை புண்ணாகாமல் இருக்க நான்கு அங்குல நுரை மெத்தை. முதல் இரண்டு வாரம் கழுத்துப் பட்டையோடு ஹார்னஸும் மாட்டி இரண்டிலும் கயிறு இருக்கட்டும், தொலைந்து போகும் நாய்களில் பல இந்த நாட்களில்தான் வாசல் திறந்த வேகத்தில் ஓடுகின்றன. இரண்டாவது வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து, ஊற்றிய தண்ணீரையும் மிச்சத்தையும் அளந்து பாருங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது நாளைக்கு 3 லிட்டருக்கு மேல் குடித்தால் வெயில் என்று விட்டுவிடாமல் சோதிக்க வேண்டும். தூங்கும்போது மூச்சையும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30க்கு மேல் தொடர்ந்து போனால் இதயம், நுரையீரல் பார்க்க வேண்டும். படுத்த இடம் மட்டும் ஈரமாகிறது, அதற்கே தெரியாமல் ஒழுகுகிறது என்றால் அது பழக்கக் கோளாறு இல்லை, மருந்துக்குக் கேட்கும், திட்டாதீர்கள். இரவில் சுற்றிச் சுற்றி நடப்பது, மூலையில் போய் நின்று திரும்பத் தெரியாமல் முழிப்பது மூளை முதுமையாக இருக்கலாம், புது வீட்டுப் பதற்றமாகவும் இருக்கலாம், வலியாகவும் இருக்கலாம். முதல் மாதத்தில் இதைப் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ளவருக்கும் கடினம்.

மகனுக்கு இரண்டே விதி: தூங்கும் நாயைத் தொடாதே, சாப்பிடும் நாயிடம் போகாதே. காது மந்தமான நாய் திடுக்கிட்டு எழும்போது எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலே கடித்துவிடும். எழுப்ப வேண்டுமென்றால் சற்றுத் தள்ளி நின்று காலால் தரையைத் தட்டினால் அதிர்வில் விழித்துக்கொள்ளும். கட்டிப்பிடிப்பதும் வேண்டாம், இடுப்பு வலிக்கும். அம்மா கயிற்றைப் பிடித்து நடத்தக் கூடாது, 30 கிலோ ஒரு முறை இழுத்தால் போதும். இரவில் நடக்கும் வழியில் நாய் படுக்காதபடி படுக்கையை மூலையில் வைத்து ஒரு சின்ன விளக்கு போட்டு வையுங்கள்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு: லாப்ரடாரின் சராசரி ஆயுள் சுமார் 12 ஆண்டு. பத்து வயதை எட்டிவிட்ட நாய்க்கு அது இரண்டு ஆண்டு என்று அர்த்தமாகாது, எட்டியவை பல அதைத் தாண்டியும் வாழும். வயது தெரியாத, சோதனை ஆகாத நாய்க்கு மாதக் கணக்கு சொல்பவரை நம்பாதீர்கள். செலவில் நிலையானது சாப்பாடும் உண்ணி மருந்தும் வலி மருந்தும். ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு அறுவை சிகிச்சைக்கான தொகை எப்போதும் தனியாகக் கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இப்போது எடுக்க வேண்டாம்.

அபார்ட்மென்ட் சங்கம் நாயே கூடாது என்று தடை போட முடியாது, இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலில் அது தெளிவு. வாடகை வீடானால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சி உரிமத்துக்கு ரேபிஸ் சான்று வேண்டும், மைக்ரோசிப்பையும் அதோடு முடித்துவிடுங்கள். தத்துப் படிவத்தில் உடனே கையெழுத்துப் போடாமல், இரண்டு வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். பல காப்பகங்கள் ஒத்துக்கொள்ளும். அந்த இரண்டு வாரமும் படி இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனாவது படியில் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். பத்தாம் நாளிலும் முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டால், எக்ஸ்ரே நன்றாகவே இருந்தாலும், அந்தத் தாளோடு மருத்துவரிடம் மறுபடி போங்கள்.